ஜனவரி 1 அன்று காப்பகத்து நாயைக் கூட்டி வரலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

மேடவாக்கம்காரன் | டிசம்பர் 21, இரவு 9.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகளுக்கு ஒன்பது வயது. நாய் வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிப்பு. கணக்கில் 90 எடுத்தால் புத்தாண்டுக்கு நாய் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். 93 எடுத்துவிட்டாள்.

காசு கொடுத்து வாங்குவதில் எனக்கும் மனைவிக்கும் இஷ்டமில்லை. அதனால் இன்று காலை ஒரு காப்பகத்துக்குப் போனோம். இரண்டு மாதக் குட்டிகள் ஐந்தாறு இருந்தன. மகள் ஒரு வெள்ளைக் குட்டியை மடியில் வைத்தவள் கிளம்பும் வரை இறக்கவில்லை. பக்கத்துக் கூண்டில் செவலைப் பெட்டை ஒன்று. நான்கு வயது இருக்கும் என்றார்கள். ஸ்கூட்டர் மோதி பின்னங்கால் முறிந்து வந்ததாம், இப்போது லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறது. எங்களைப் பார்த்து எழுந்துகூட வரவில்லை. மனைவி மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அம்மா (68) பகலில் வீட்டில் இருப்பார். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. சுத்த சைவம், முட்டைகூட உள்ளே வராது.

1-ஆம் தேதி காலை குட்டியைக் கூட்டி வருவதாகத் திட்டம். தட்டு, பெல்ட், சங்கிலி தவிர வேறு என்ன வாங்கி வைக்க வேண்டும்?

ஞாயிறு_தொண்டு | டிசம்பர் 21, இரவு 11.15

தட்டு, பெல்ட் எல்லாம் அப்புறம் சார். முதலில் தேதியை மாற்றுங்கள்.

ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காப்பகத்தில் கூண்டு கழுவுகிறேன். புத்தாண்டுக்கு நாய் கேட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நல்ல மனதோடுதான் வருகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேதியை அவர்களுடைய காலண்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். 31 இரவு வெடி. உச்ச நீதிமன்றம் 2018-லேயே புத்தாண்டுக்கு இரவு 11.55 முதல் 12.30 வரை என்று நேரம் குறித்தது. எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்த்துக் கொளுத்துவதில்லை, உங்கள் தெரு எப்படியோ. காப்பகத்து நாய்கள் அன்று இரவு முழுக்கத் தூங்காது. மறுநாள் காலை பயந்து, களைத்து, வயிறு கெட்டுக் கிடக்கும் ஒரு ஜீவனைத்தான் நீங்கள் காரில் ஏற்றப் போகிறீர்கள். மாலையில் உறவினர்கள் வருவார்கள், ஆளாளுக்குத் தூக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். மீதி வெடிகள் 1-ஆம் தேதி இரவும் வெடிக்கும்.

அது முடிந்தால் போகி. விடியற்காலை நாலு மணிக்குப் பிள்ளைகள் மேளம் அடிப்பார்கள், டயர் புகை. அப்புறம் பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள். "ஒரு நாலு நாள் உங்களிடமே விட்டுவிட்டுப் போகலாமா?" என்று போன் வரும். ஒவ்வொரு ஜனவரியும் இந்தப் போன் வருகிறது. விட்டுவிட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வருவதே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

மேடவாக்கம்காரன் | டிசம்பர் 22, காலை 7.05

போகிறோம். திண்டிவனம் பக்கம், நாலு நாள். இதை யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஆனால் மகளிடம் என்ன சொல்வது? அவள் சுவரில் நாட்களை எழுதி அடித்துக்கொண்டு வருகிறாள்.

கண்மணி_கோவை | டிசம்பர் 22, பிற்பகல் 2.30

இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்களும் சரியாக ஜனவரி 1 அன்றுதான் கூட்டி வந்தோம். ஐம்பது நாள் குட்டி, கறுப்பு, நாலு காலிலும் வெள்ளை. ஒரு ஊசி போட்டாகிவிட்டது என்று அட்டை கொடுத்தார்கள். "ஒரு ஊசி" என்றால் எனக்கு ஊசி முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் பால் குடிக்கவில்லை. அன்று இரவு வாந்தி. மறுநாள் ரத்தத்தோடு கழிச்சல், அந்த வாடையை இன்னும் மறக்க முடியவில்லை. பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் என்றார்கள். மூன்று நாள் காலையும் மாலையும் டிரிப்ஸ். ஒன்பதாம் நாள் என் கணவர் கையிலேயே போய்விட்டது. பையனுக்கு அப்போது ஏழு வயது. "நான் தூக்கினதாலயா?" என்று கேட்டான்.

டாக்டர் அப்புறம் விளக்கினார். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அதன் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் தாண்டும் வரை தொடர வேண்டுமாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆரம்ப ஊசிகளை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும், அதனால்தான் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்கெல்லாம் சாகாது, பிளீச்சிங் போட்டுக் கழுவ வேண்டும். நாங்கள் ஒரு வருடம் வேறு குட்டி எடுக்கவில்லை.

குட்டிதான் என்றால் ஊசி அட்டையை வாங்கிப் படியுங்கள். தேதி, ஊசியின் பெயர், டாக்டர் கையெழுத்து, மூன்றும் இருக்க வேண்டும்.

சும்மா_ஒரு_ஆள் | டிசம்பர் 22, மாலை 4.10

அப்படியென்றால் தவறு அந்தக் காப்பகத்தின் மேல்தானே? நோய்க் குட்டியைக் கொடுத்துவிட்டு அட்டையையும் நீட்டினால் எப்படி? கடையில் வாங்கினால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இலவசமாகக் கிடைப்பதில் இதுதான் பிரச்சினை.

ஞாயிறு_தொண்டு | டிசம்பர் 22, இரவு 10.50

கடையில் வாங்கிய குட்டிகளும் இதே கழிச்சலில்தான் சாகின்றன சார், சட்டையைப் பிடித்தவர்களுக்கு அதிகபட்சம் இன்னொரு குட்டி கிடைக்கும்.

கண்மணி அக்கா, உங்கள் பையன் தூக்கியதால் இல்லை என்று அவனிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள். கிருமி உள்ளே போய் மூன்று முதல் ஏழு நாளில்தான் அறிகுறி தெரியும். கூட்டி வரும் அன்று குட்டி துள்ளிக்கொண்டு இருந்திருக்கும், கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. இருந்தாலும் நான் காப்பகத்தை முழுசாக விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். எங்கள் இடத்திலும் இந்தக் குறை உண்டு. ராத்திரி யாரோ வாசலில் அட்டைப் பெட்டியில் ஏழு குட்டிகளை வைத்துவிட்டுப் போவார்கள். தனியாக வைக்க அறை இருக்காது. சேர்த்துத்தான் விடுவோம். அதில் ஒன்றுக்கு வந்தால் முடிந்தது கதை.

இதனால்தான் முதல் தடவை நாய் வளர்க்கிறவர்களுக்கு, அதிலும் பகலில் ஒரு பாட்டி மட்டும் இருக்கும் வீட்டுக்கு, வளர்ந்த நாயைத்தான் சொல்வேன். குட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீட்டை நனைக்கும், செருப்பைக் கடிக்கும், ராத்திரி அழும். உங்கள் அம்மா குனிந்து துடைப்பாரா?

அந்தச் செவலைக்குக் காது நுனியில் சின்ன வெட்டு இருந்ததா, பார்த்தீர்களா? இருந்தால் கருத்தடை முடிந்தது என்று அர்த்தம். ரேபிஸ் தடுப்பூசியும் அதோடு போட்டிருப்பார்கள். அதன் குணம் என்ன என்பது இப்போதே தெரியும். குட்டியிடம் அது தெரியாது.

ரயிலடி_பெரியவர் | டிசம்பர் 23, காலை 5.20

பேத்தி ஆசைப்பட்டாள் என்பதற்காக நாயா என்று எழுதத்தான் வந்தேன், படித்ததும் கொஞ்சம் மனம் மாறிவிட்டது.

எங்கள் காலத்தில் மெட்ராஸில் நாய் பிடிக்கும் வண்டி வரும். கம்பிச் சுருக்கு, இழுப்பு, ஓலம். மாநகராட்சி அவற்றைக் கொன்றுவிடும், அதை யாரும் மறைக்கவும் இல்லை. விலங்கு நல அமைப்பான சென்னை புளூ கிராஸ் 1964-லேயே, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து ஊசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று சொன்னார்கள். மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. முப்பத்திரண்டு வருடம்! நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அந்த வண்டி வருவதைப் பார்த்தால் தெரு நாய்களை மாட்டுக் கொட்டகையில் தள்ளிக் கதவைச் சாத்துவோம். என் அப்பா அடிப்பார். மறுபடியும் சாத்துவோம்.

கால் நொண்டும் நாயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. அதை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்.

நடைபாதை_மணி | டிசம்பர் 23, காலை 9.00

எல்லோரும் உருகிக்கொண்டே இருக்கிறீர்கள். என் மகனை ஆறு வயதில் தெரு நாய் கெண்டைக்காலில் கடித்தது. அன்றிலிருந்து சைக்கிளைத் தொட மாட்டேன் என்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் எங்கே திரிந்தது என்றே தெரியாத நாயை ஏன் கூட்டி வர வேண்டும்? ரேபிஸ் வந்தால் பிழைக்க முடியாது. இது பயமுறுத்தல் இல்லை, மருத்துவ உண்மை.

ஞாயிறு_தொண்டு | டிசம்பர் 23, மாலை 6.30

மணி சார், நீங்கள் சொல்வது சரி. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால்தான் வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டும். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி தவறாமல். எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனை. தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாட்கள் சொல்வார்கள், ஒன்றையும் விடக்கூடாது. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றித் தனியாக இம்யூனோகுளோபுலின் ஊசியும் உண்டு. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். எங்கள் கிராமத்தில் இன்னும் வைக்கிறார்கள்.

ஊசி போட்டு வீட்டுக்குள் இருக்கும் நாயைவிட, ஊசி போடாமல் வெளியே திரியும் நாய்தான் உங்கள் மகனுக்கு ஆபத்து. அவனுக்கு வந்த பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

நடைபாதை_மணி | டிசம்பர் 23, இரவு 8.15

சுண்ணாம்பு வைத்தது என் அம்மாதான். சரி, விடுங்கள். நாய் வந்தால் சங்கிலி இல்லாமல் லிஃப்டில் ஏற்றாதீர்கள், அது போதும்.

பி_பிளாக்_செகரட்டரி | டிசம்பர் 24, காலை 10.40

லிஃப்ட் என்றதும் நான் வர வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கரணை பக்கம் 84 வீடுகளுக்குச் செயலாளர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

அசோசியேஷன் நாயே கூடாது என்று தீர்மானம் போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பெரும்பான்மை ஓட்டு வாங்கினாலும் செல்லாது, லிஃப்டை மறுக்கவும் கூடாது. இதை எங்கள் பொதுக்குழுவில் வாசித்த அன்று எனக்கு மோர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் நாய் வைத்திருப்பவர்களும் கொஞ்சம் யோசியுங்கள். படிக்கட்டில் போனதை அள்ளாமல் போகும் ஒரே ஒரு ஆளால் மீதி ஒன்பது பேருக்கும் கெட்ட பெயர். பழைய செய்தித்தாள் ஒன்று கையில் இருந்தால் போதும்.

அப்புறம் மாநகராட்சி உரிமம். 50 ரூபாய்தான், ஆன்லைனில் எடுக்கலாம், ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் இப்போது கட்டாயம். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 5,000 அபராதம். இன்னொன்று, உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் ஒரு வரி இருக்கிறது: தெரு நாயைத் தத்தெடுத்தவர், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்று கேட்டுக்கு வெளியே விடும் வழி அடைபட்டுவிட்டது.

மேடவாக்கம்காரன் | டிசம்பர் 24, இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. எங்கள் செயலாளர் உங்களை மாதிரி இல்லை சார், ஆனால் சுற்றறிக்கையைக் காட்டினால் படிப்பார் என்று நினைக்கிறேன்.

காதில் வெட்டு இருக்கிறது, போன் செய்து கேட்டேன். இப்போது வீட்டில் சண்டை வேறு மாதிரி. மகளுக்கு வெள்ளைக் குட்டி, மனைவிக்குச் செவலை, அம்மாவுக்கு எதுவும் வேண்டாம். அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்று: "அதுக்குக் கறி யாரு ஆக்கறது?"

சும்மா_ஒரு_ஆள் | டிசம்பர் 24, இரவு 10.20

சைவ வீட்டில் நாயா! தயிர்சாதம் போட்டே கொன்றுவிடாதீர்கள்.

கண்மணி_கோவை | டிசம்பர் 25, காலை 8.00

எங்கள் மாமியார் வீட்டு நாய் தயிர்சாதத்தில் பதினாலு வருடம் இருந்தது. அதற்காக அதையே போடுங்கள் என்று சொல்லவில்லை, அந்தக் காலம் வேறு. புரதம் போதாது. நாய் சோற்றையும் செரிக்கும், பூனை மாதிரி இல்லை, ஆனால் வெறும் சோறு உணவாகாது. மூட்டையில் வரும் உலர் உணவை பால்கனியில் ஒரு டப்பாவில் வைத்து, தட்டையும் அங்கேயே வையுங்கள். அடுப்பங்கரைக்குள் வராது. பாட்டியும் பார்க்க வேண்டியதில்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் கண்ணில் காட்டாதீர்கள். சாம்பாரில் வெங்காயம் இருக்கும் என்பதை நாம் மறந்துவிடுவோம்.

மேடவாக்கம்காரன் | ஜனவரி 1, பிற்பகல் 1.10

புத்தாண்டு வாழ்த்துகள். நாய் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் வாக்கையும் முழுசாக மீறவில்லை.

இன்று காலை மூவரும் காப்பகத்துக்குப் போனோம். வீட்டிலிருந்து பழைய போர்வை இரண்டும் ஒரு மூட்டைச் செய்தித்தாளும் கொண்டுபோனோம், அவர்களுக்கு எப்போதும் தேவைப்படுமாம். வெள்ளைக் குட்டி இல்லை. நேற்றே யாரோ கூட்டிப் போய்விட்டார்கள். மகள் அழுவாள் என்று பார்த்தேன். செவலையின் கூண்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நேற்றைய வெடிக்கு அது சிமெண்ட் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கியது, இன்னும் வெளியே வரவில்லை என்றார்கள். இவள் கையை நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. வெடிக்குப் பயந்து களைத்துக் கிடக்கும் என்று தொண்டு சார் எழுதியதை நான் படித்துக் காட்டியிருந்தேன். முக்கால் மணி நேரம். கடைசியில் அது வந்து இவள் செருப்பை மோந்துவிட்டு, மறுபடியும் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

"அது என்னைப் பார்த்துடுச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் போர்வையில் ஒன்றை அதன் கூண்டில் போட்டோம். அது படுத்திருந்த சாக்கைக் கேட்டு வாங்கி வந்து பால்கனியில் விரித்திருக்கிறாள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்.

18-ஆம் தேதி, ஊரிலிருந்து வந்த மறுநாள், கூட்டி வருகிறோம்.

ஞாயிறு_தொண்டு | ஜனவரி 1, இரவு 11.40

முதல் மூன்று நாள் அது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். குளிப்பாட்ட வேண்டாம், உறவினரைக் கூப்பிட வேண்டாம், கட்டிப்பிடிக்க வேண்டாம். வீட்டின் நேரம் பழக மூன்று வாரம், இது தன் இடம் என்று நம்ப மூன்று மாதம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு சொல்வோம். சில நாய்க்கு அதிகமாகும். வாசல் கதவு ஜாக்கிரதை. புது நாய் ஓடிப்போவது பெரும்பாலும் பால்காரருக்கோ கூரியருக்கோ கதவு திறக்கும் அந்த ஒரு நொடியில்தான். கழுத்துப்பட்டையில் போன் நம்பரை இன்றே எழுதிவிடுங்கள்.

மேடவாக்கம்காரன் | ஜனவரி 24, இரவு 12.35

அவசரம். யாராவது விழித்திருக்கிறீர்களா? வந்து ஆறு நாள் ஆகிறது. நேற்று வரை நன்றாகச் சாப்பிட்டது. இன்று காலையிலிருந்து தட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பு கொதிக்கிறது. தெர்மாமீட்டரில் 104. மனிதர்களுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரை பாதி கொடுக்கலாமா?

கண்மணி_கோவை | ஜனவரி 24, இரவு 12.41

கொடுக்காதீர்கள். நம் மாத்திரை எதுவும் வேண்டாம், சிலது அவற்றுக்கு விஷம். நாய்க்கு 101, 102 சாதாரணம்தான், 104 காய்ச்சல். உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா பாருங்கள். காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா?

மேடவாக்கம்காரன் | ஜனவரி 24, இரவு 12.58

ஈறு வெளிர்தான். விரல் இடுக்கில் இரண்டு உண்ணி. தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடித்தது.

ஞாயிறு_தொண்டு | ஜனவரி 24, இரவு 1.05

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நாட்டு நாய்களில் சகஜம். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மூக்கில் ரத்தம் வந்தாலோ நிற்க முடியாமல் போனாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள், இரவில் திறந்திருக்கும் எந்த டாக்டரிடமும் ஓடுங்கள். நான் போனை அணைக்கவில்லை.

மேடவாக்கம்காரன் | ஜனவரி 27, இரவு 9.20

உண்ணிக் காய்ச்சல்தான். ரத்தத்தில் தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தன. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், பாதியில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி. அதனால் சாப்பிட வைத்தே ஆக வேண்டும். அது சாப்பிடவில்லை. நான், மனைவி, மகள், மூவரும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம்.

இன்று மத்தியானம் நாங்கள் யாரும் இல்லை. மகளுக்கு ஸ்கூல். திரும்பி வந்தால் தட்டு காலி, மாத்திரையும் உள்ளே போயிருக்கிறது. அம்மாவிடம் கேட்டால் டிவியைப் பார்த்துக்கொண்டே, "சாப்ட்டுது" என்கிறார். அப்புறம்தான் தெரிந்தது, எதிர் வீட்டில் கேட்டு ஒரு வேகவைத்த முட்டை வாங்கி வந்திருக்கிறார். பால்கனியில் நின்று, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, ஊட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் முட்டை வந்தது முப்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. "வீட்டுக்குள்ள வரலயே, பால்கனிலதான" என்கிறார்.

பெயர் விஷயமும் சொல்ல வேண்டும். காப்பகத்தில் லட்சுமி என்று கூப்பிட்டார்கள், அது அம்மாவின் அக்கா பெயர், நடக்காது. மகள் ஜனவரி என்று வைத்தாள். எதற்கும் அது திரும்பவில்லை. அம்மா தட்டை வைக்கும்போது "இந்தா" என்பார். இப்போது யார் "இந்தா" என்றாலும் காதைத் தூக்குகிறது. உரிம விண்ணப்பத்தில் பெயர் என்ற இடத்தில் அதையே எழுதிவிட்டாள் மகள்.

ஒரு சந்தேகம். ராத்திரி அது அம்மாவின் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறது. அம்மா எழுந்து பாத்ரூம் போனால் கூடவே போய் வாசலில் நிற்கிறது. இருட்டில் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இதை எப்படிப் பழக்குவது?

ரயிலடி_பெரியவர் | ஜனவரி 28, காலை 5.10

சின்ன ராத்திரி விளக்கு ஒன்று வாங்கிப் போடுங்கள் தம்பி. நாயை விடுங்கள்.